மாமாவின் கடைக் கணினிக்குப் புது டிஸ்க்

மாமாவின் கடைக் கணினியைப் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) மாற்றியாயிற்று. விண்டோஸைப் புதிதாகப் போடவில்லை. இருந்ததை வேரடி மண்ணோடு பெயர்த்துப் புது டிஸ்க்கில் வைத்தேன். "ஏன் அக்கா இந்தக் கரைச்சல்? புதுசாப் போட்டா அரை மணித்தியாலத்தில முடிஞ்சிடுமே" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு வாயால் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இப்படி ஒரு கணினியை வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்கள் திருகோணமலையில் மட்டும் இருக்கமாட்டார்கள்.

கடை திருஞானசம்பந்தர் வீதிப் பக்கம். அச்சு இயந்திரம் எதுவும் இல்லை. தட்டச்சு, பக்க வடிவமைப்பு, போட்டோக் கொப்பி, சிறிய அளவில் கலர் பிரிண்ட், அவ்வளவுதான். பெரிய வேலை என்றால் வடிவமைத்து வெளியே பிரஸுக்குக் கொடுப்போம். வருகிற வேலைகளைச் சொன்னால் ஊரே தெரியும்: கல்யாண அழைப்பிதழ், கோயில் மகோற்சவ விஞ்ஞாபனம், பாடசாலைத் தவணைப் பரீட்சை வினாத்தாள், 31ஆம் நாள் நினைவு மலர், கண்ணீர் அஞ்சலி. கல்யாணக்காரர் நாளைக்கு வருவார். கண்ணீர் அஞ்சலிக்கு நாளை கிடையாது. காலையில் சாவு என்றால் மத்தியானத்துக்குள் நோட்டீஸ் கையில் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் கதிரையில் கண் சிவந்து உட்கார்ந்திருக்க, இந்தக் கணினி சுற்றிக்கொண்டே இருக்கும். மாமா அவர்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் வெளியே போய் நிற்பார். வெளியே நின்றால் இன்னொரு வேலை இருக்கிறது. நாங்கள் வெட்டிப்போட்ட கடதாசித் துண்டுகளைத் தின்ன மான் வந்து நிற்கும், அதை விரட்ட வேண்டும். பிரெட்ரிக் கோட்டைக்குள் மட்டும் மான் இருக்கிறது என்று நினைத்து வருகிற வெளியூர்க்காரர் இதைப் படமெடுப்பார்கள்.

கணினி இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3, எச்81 மதர்போர்டு, 8 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 உடன் வந்து, பிறகு 10க்கு ஏற்றப்பட்டது. 11க்குப் போக வழியில்லை, மைக்ரோசாஃப்ட் இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதிக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது எனக்கும் தெரியும். அதனால்தான் அந்தக் கணினியில் இணையம் இல்லை. வட்ஸ்அப்பில் வருகிற படங்களை என் மடிக்கணினியில் இறக்கி, வைரஸ் பார்த்துத்தான் அதற்குள் விடுகிறேன்.

ராம் போதாது, இன்னும் 8 போடுங்கள் என்று ஒருவர் சொல்லியிருந்தார். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் ராமில் பாதி சும்மா இருக்கிறது, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குள் நிமிடத்துக்கு 7,200 தரம் சுழலும் தட்டுக்கு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லிசெக்கன் ஆகும். தேவையான இடம் படிக்கும் ஊசிக்குக் கீழே வர சராசரியாக அதில் பாதி. அதோடு ஊசி நகர்கிற நேரமும் சேர்ந்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கும் சிறு கோப்புகளைச் செக்கனுக்கு நூறு தரம்கூட எடுக்க முடியாது. விண்டோஸ் எழும்பும்போது படிப்பதெல்லாம் அப்படிப்பட்ட சிறு கோப்புகள்தான். எஸ்எஸ்டியில் சுழல்வதற்கும் நகர்வதற்கும் எதுவும் இல்லாததால், அதே வேலையைச் செக்கனுக்கு ஆயிரக்கணக்கில் செய்யும். பெட்டியில் அச்சடித்திருக்கும் செக்கனுக்கு 550 எம்பி வேகத்தைப் பார்த்து மயங்கத் தேவையில்லை. எங்களுக்குக் கிடைத்த நன்மை இந்தத் தேடும் நேரம் இல்லாமல் போனதுதான்.

சரி, ஏன் புதிதாகப் போடவில்லை?

கடையில் ஓடுவது பேஜ்மேக்கர் 7. 2001இல் வந்த பக்க வடிவமைப்பு மென்பொருள். அதற்குப் பிறகு அதை வெளியிட்ட அடோபி அதில் அடுத்த பதிப்பு விடவில்லை. எழுத்து பாமினி. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோட் பரவ முந்திய காலத்து எழுத்துரு என்பதால், கோப்புக்குள் இருப்பது உண்மையில் தமிழ் அல்ல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தைப் பொருத்திய ஏற்பாடு. 'அம்மா' என்று அடித்த இடத்தில் பாமினி இல்லாத கணினி எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று காட்டும். சிங்களக் கடிதங்களுக்கு எஃப்எம் அபயா, அதுவும் அதே சாதி. இவை தவிர அழைப்பிதழ்களுக்கென்று காலகாலமாகச் சேர்ந்த எழுத்துருக்கள். எது எந்த சிடியில் வந்தது என்று மாமாவுக்கே நினைவில்லை.

இதைவிட்டு யூனிகோடுக்கு மாறலாமே என்பீர்கள். புது வேலைகளை நான் என் மடிக்கணினியில் யூனிகோடில்தான் செய்கிறேன். ஆனால் கோயில் விஞ்ஞாபனம் புது வேலை அல்ல. போன வருடத்துக் கோப்பைத் திறந்து, திகதி, திதி, உபயகாரர் பெயர் மாற்றி, கோயில் ஐயா ஒருமுறை பார்த்துத் திருத்தி, அப்படியே அச்சுக்குப் போகும். பத்துப் பதினைந்து வருடத்துக் கோப்புகள் இப்படி உயிரோடு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் படங்களுக்கான முகவரி டி டிரைவில் இன்ன கோப்புறை என்று பதிந்து கிடக்கிறது. டி டிரைவ் இ டிரைவாக மாறினால் பிள்ளையார் படம் எங்கே என்று பேஜ்மேக்கர் பக்கத்துக்குப் பக்கம் கேட்கும். பிரிண்டரின் கலர் அமைப்பை யாரோ எப்போதோ சரிசெய்து வைத்தார்கள், அந்த எண்கள் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. என் சொந்த மடிக்கணினிக்கு எஸ்எஸ்டி போட்டபோது நான் சுத்தமாகப் புதிதாகத்தான் போட்டேன், அதுதான் அங்கே சரி. கடைக் கணினியில் விலைமதிப்பானது கோப்புகள் மட்டுமல்ல. அவை திறப்பதற்குத் தேவையான சூழல் முழுவதும்தான்.

எஸ்எஸ்டியை மாமாவின் மகன் கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் வாங்கி பஸ்ஸில் கொடுத்தனுப்பினான். 480 ஜிபி. எங்கள் போர்டில் எம்.2 (போர்டில் நேரே செருகும் வகை) பொருத்தும் இடம் இல்லாததால் சாதாரண இரண்டரை அங்குல, சாட்டா வயரில் இணைக்கும் வகைதான். வந்ததும் வெளிப்பெட்டியில் போட்டு, அதன் அளவு உண்மைதானா என்று முழுவதும் எழுதிப் படித்துப் பார்த்தேன். பெரிய அளவு போலக் காட்டும் போலிச் சரக்கு சந்தையில் சுற்றுகிறது.

இனித்தான் கணக்கு. பழையது 500 ஜிபி, புதியது 480. விண்டோஸ் காட்டும் கணக்கில் 465, 447. சிறிய டிஸ்க்குக்குள் பெரியதை இறக்கக் குளோன் (டிஸ்க்கை அப்படியே பிரதி எடுக்கும்) மென்பொருட்கள் முகம் சுளிக்கும், உள்ளே பாதி காலியாக இருந்தாலும். எனவே முதலில் பழைய டிஸ்க்கில் ஒரு பார்ட்டிஷனை, அதாவது சி, டி என்று பிரித்த துண்டுகளில் ஒன்றை, சுருக்க வேண்டும். எதை என்பதுதான் முக்கியம். எங்கள் டிஸ்க்கில் முதலில் சிஸ்டம் ரிசர்வ்ட் என்ற 100 எம்பி துண்டு, பிறகு சி, கடைசியில் டி. அந்த 100 எம்பியை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் கணினி எழும்பத் தேவையான பூட் கோப்புகள் அதற்குள்தான் இருக்கின்றன. சியை மட்டும் பிரதி எடுத்துவிட்டு "எல்லாம் வந்திட்டுது, ஆனா எழும்புதில்லை" என்று வருகிற கணினிகள் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

நான் சுருக்கியது டியை. காரணம், டிஸ்க்கின் பார்ட்டிஷன்களைப் பதிந்துவைக்கும் பழைய எம்பிஆர் முறையில் விண்டோஸின் பூட் பதிவேடு சியை அதன் பெயரால் அறியாது. டிஸ்க்கின் நான்கு பைட் கையொப்பம், டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் பார்ட்டிஷன் தொடங்குகிறது, இந்த இரண்டையும் வைத்துத்தான் தேடுகிறது. சி தொடங்கும் இடம் ஒரு அடி நகர்ந்தாலும் தேடிப்போன இடத்தில் ஆள் இல்லை என்றாகிவிடும், பிறகு மீட்பு யூஎஸ்பி போட்டுப் பூட் பதிவைத் திரும்ப எழுத வேண்டும். கடைசித் துண்டின் வாலை வெட்டினால் முன்னால் இருப்பவை எதுவும் அசையாது. டியில் 25 ஜிபி வெட்டினேன். 19 போதும், ஓரமாகக் கணக்குப் பார்த்து என்ன காணப்போகிறோம்?

வெட்டுவதற்கு முன் வேலைக் கோப்புறை முழுவதையும் வெளி டிஸ்க் ஒன்றுக்குப் பிரதி எடுத்து, அதிலிருந்து நாலைந்து கோப்புகளை என் மடிக்கணினியில் திறந்தும் பார்த்தேன். மாமா பக்கத்தில் நின்றார்.

"என்ன பிள்ளை, எல்லாம் இருக்கா?"

"ஓம் மாமா."

"போன வருசத்து அம்மன் கோயில் நோட்டீஸ்?"

"அதைத்தான் முதல்ல பார்த்தனான்."

பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. கரண்ட் போனால் ஆபத்தான ஒரே கட்டம் இந்தச் சுருக்கல்தான், அதனால் யூபிஎஸ் பற்றரியை முன்னதாகவே சோதித்துக்கொண்டேன். பிரதி எடுக்கும்போது கரண்ட் போனால் பிரச்சினையில்லை. பழைய டிஸ்க்கிலிருந்து படிக்க மட்டும்தான் செய்கிறோம், திரும்பத் தொடங்கினால் சரி.

குளோன் செய்யப் பயன்படுத்தியது குளோன்சில்லா. தாய்வானில் உருவான இலவச மென்பொருள், யூஎஸ்பியிலிருந்து தனியாக எழும்பி வேலை செய்யும். முன்பு பலர் பயன்படுத்திய மேக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்பு 2024 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. குளோன்சில்லாவுக்கு அழகு கிடையாது. வெறும் எழுத்துத் திரை, கேள்விக்கு மேல் கேள்வி. எனக்கு அது பிடித்திருக்கிறது, எதையும் மறைப்பதில்லை. அதை ஓட்டுமுன் விண்டோஸில் ஹைபர்னேட் என்ற உறக்க வசதியை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற வசதி, கணினியை அணைத்த பிறகும் பார்ட்டிஷனைப் பாதி திறந்த நிலையில் விட்டுவைக்கும். குளோன்சில்லா அதைத் தொட மறுக்கும், மறுப்பதும் நியாயம்.

நிபுணர் முறையில் போய் இரண்டு தெரிவுகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, போய்ச்சேரும் டிஸ்க் சிறிதா என்று பார்க்கும் சோதனையைத் தவிர்ப்பது. மற்றது, பார்ட்டிஷன் அட்டவணையை மூலத்தில் உள்ளபடியே எழுதுவது. அதற்குக் கீழேயே, புது டிஸ்க்கின் அளவுக்கு ஏற்ப விகிதாசாரமாக மாற்றித்தருகிறேன் என்று ஒரு தெரிவு இருக்கும். கேட்க இனிமையானது. அதை எடுத்தால் பார்ட்டிஷன்கள் தொடங்கும் இடம் மாறும், டியை மட்டும் சுருக்கியதற்கு அர்த்தமில்லாமல் போகும்.

பிறகு எது மூலம், எது இலக்கு என்ற கேள்வி. திரையில் டிஸ்க்குகளின் பெயர் எஸ்டிஏ, எஸ்டிபி என்று இருக்கும். இதில் நிதானம் போனால் காலி டிஸ்க்கை நிறைந்த டிஸ்க்கின் மேல் பிரதி எடுத்து, எல்லாவற்றையும் துடைத்துவிடலாம். எழுத்தை நம்பாமல் பக்கத்தில் வரும் மாடல் பெயரையும் அளவையும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். குளோன்சில்லா திரும்பத் திரும்ப "உறுதியா?" என்று கேட்கும். எரிச்சலாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் வாசித்துவிட்டுத்தான் விடையழுத்த வேண்டும்.

பயன்படுத்திய இடத்தை மட்டுமே அது பிரதி எடுப்பதால் 200 ஜிபிக்குச் சற்று மேல்தான் வேலை. முக்கால் மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓடியது. அந்த நேரத்தில் பெட்டிக்குள் கொஞ்சம் தூசி தட்டினேன். இருபுறமும் கடல் உள்ள ஊரில் திறந்த கதவோடு கடை நடத்தினால் ஆணிகள் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஓர் ஆணி துருவோடு கையில் வந்தது.

முடிந்ததும் கணினியை அணைத்து, முதல் தடவை எழுப்புவதற்கு முன் பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். கட்டாயம். குளோன் என்றால் அந்த நான்கு பைட் கையொப்பமும் சேர்த்தே பிரதி ஆகியிருக்கும். ஒரே கையொப்பத்தோடு இரண்டு டிஸ்க்கைப் பார்த்தால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கிவைக்கும், அல்லது புதியதற்குக் கையொப்பத்தை மாற்றி எழுதி எழும்பாமல் செய்துவிடும். எச்81 போர்டில் சாட்டா இணைப்புகள் எல்லாம் ஒரே வேகம் அல்ல. இரண்டு 6 கிகாபிட், மற்றவை 3. பழைய டிஸ்க் எதில் இருந்ததோ அதில் கண்ணை மூடிக்கொண்டு செருகாமல், போர்டில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து 6இல் செருகினேன். பெட்டியில் இரண்டரை அங்குலத்துக்கு இடமில்லை. எஸ்எஸ்டிக்குள் அசைகிற பாகம் இல்லாததால் இரட்டைப்பக்க டேப் போதுமானது.

எழும்பியது. டெஸ்க்டொப்பில் மாமாவின் கோணேசர் படம், பக்கத்தில் அதே குழப்பமான ஐகன்கள்.

இதோடு பலர் நிறுத்திவிடுவார்கள். விண்டோஸ் எழும்புமுன் போர்டின் அமைப்பைக் கவனிக்கும் பயோஸைப் பார்த்தபோது, டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறை பழைய ஐடிஇ என்று இருந்தது. விண்டோஸ் 7 போட்ட காலத்தில் யாரோ அப்படி வைத்திருக்கிறார்கள், பிறகு யாரும் தொடவில்லை. ஐடிஇ முறையில் கட்டளைகள் ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது போகும். ஏஎச்சிஐ முறையில் 32 கட்டளைகளை வரிசையில் வைக்கலாம், எஸ்எஸ்டிக்கு அதுதான் பொருத்தம். ஆனால் பயோஸில் நேரே மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு விழும், தன் டிஸ்க்கைத் திறக்கும் டிரைவரைத் தொடக்கத்திலேயே ஏற்றியிருக்காது. வழி எளிது. முதலில் விண்டோஸுக்குள் அடுத்த முறை சேஃப் மோடில், அதாவது குறைந்தபட்சத் தேவைகளோடு மட்டும், எழும்பச் சொல்லிவிட்டு, மறுதொடக்கத்தில் பயோஸுக்குப் போய் ஏஎச்சிஐக்கு மாற்ற வேண்டும். சேஃப் மோடில் எழும்பும்போது தேவையான டிரைவரைத் தானே பிடித்துக்கொள்ளும். பிறகு சேஃப் மோடை நீக்கி வழக்கம்போல் எழுப்பலாம். இதைக் குளோனுக்கு முன்னால் செய்யாமல் பின்னால் வைத்துக்கொண்டது வேண்டுமென்றுதான். பழைய டிஸ்க் மேசையில் பத்திரமாக இருக்கும்போது புதியதில் எந்தப் பரிசோதனையும் செய்யலாம், கெட்டால் திரும்ப ஒரு குளோன்.

மீதி சின்ன விஷயங்கள். அழித்த கோப்புகளின் இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும் ட்ரிம் இயங்குகிறதா என்று பார்த்தேன், இயங்குகிறது. விண்டோஸ் உரிமம் போர்டோடு பிணைந்தது என்பதால் டிஸ்க் மாறியதை அது கண்டுகொள்ளவில்லை. பார்ட்டிஷன் தொடக்கம் 1 எம்பி எல்லையில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தேவையிருக்கவில்லை, விண்டோஸ் 7 காலத்திலிருந்தே அது அப்படித்தான் வைக்கிறது. எக்ஸ்பி காலத்து டிஸ்க்கைக் குளோன் செய்கிறவர்கள் மட்டும் கவனியுங்கள். அங்கே 63ஆம் செக்டரில் தொடங்கும், எஸ்எஸ்டியில் அது வேகத்தைத் தின்னும்.

எழும்ப இப்போது அரை நிமிடம்கூட ஆவதில்லை. பேஜ்மேக்கர் சொடுக்கியவுடன் வருகிறது. பிரிண்டரின் கலர் முன்பு போலவே இருக்கிறது, மஞ்சள் கொஞ்சம் தூக்கல் என்ற குறை உட்பட. மாமா முதலில் திறந்தது அம்மன் கோயில் கோப்பைத்தான். படங்கள் எல்லாம் இடத்தில் இருந்தன.

பழைய டிஸ்க்கை உடனே அழிக்க விடவில்லை. 'அழிக்காதே' என்று மார்க்கரில் எழுதி லாச்சிக்குள் வைத்தேன். விஞ்ஞாபனம் ஒன்று, வினாத்தாள் ஒரு தவணை, இரண்டும் புது டிஸ்க்கில் ஓடி முடிந்த பிறகு, அதை என் மடிக்கணினியில் மாட்டிச் சுத்தமாகத் துடைத்து, ஒரே பார்ட்டிஷனாக்கி, வெளிப்பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். இப்போது சனிக்கிழமைகளில் கடை பூட்டுமுன் டி டிரைவ் அதற்குப் பிரதி ஆகிறது. பிரதி எடுத்ததும் வயரைக் கழற்றி மாமா வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது என் நிபந்தனை. கழற்றுகிறார், வீட்டுக்கு மட்டும் கொண்டுபோவதில்லை. அதைப் பற்றி மாமியிடம் சொல்லியிருக்கிறேன்.